படுக்கை விரித்தவள் எங்கே? இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு ஹோட்டல் நிறுவனத்தின் பக்கம்

எமது மகளிர் சங்கங்களில் அங்கம் வகிக்கும் பல தாய்மாரின் பிள்ளைகள் இன்று ஹோட்டல்களிலே தொழில் புரிகின்றனர். போருக்குப் பின்னர் கிழக்குக் கரையோரத்திலும் தெற்கிலும் உல்லாச விடுதிகள் பெருகியபோது, தந்தையை இழந்த குடும்பங்களின் மூத்த பெண் பிள்ளைகளே அந்த வேலைகளுக்கு அதிகம் சென்றனர். அறை துப்புரவு செய்தல், படுக்கை விரித்தல், துணி தோய்த்தல், சமையலறையில் உதவுதல் என்பன அவர்களுக்குக் கிடைக்கும் வேலைகள். வேலைக்கு அனுப்பும் முன்னர் தாய் கேட்கும் முதற் கேள்வி, "அது எப்படிப்பட்ட இடம்?" என்பதே.

முன்னர் இந்தக் கேள்விக்கு ஊரிலே தெரிந்தவர்கள் பதில் சொன்னார்கள். இப்போது கைத்தொலைபேசி பதில் சொல்கிறது. ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் முன்வரிசையில் வருவது பெரும்பாலும் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தின் பக்கமாகும். அதை யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள், யாரை எழுதாமல் விட்டார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்விகளைக் கேட்கவும், தேவையானால் நாமே அந்தப் பக்கத்தைத் திருத்தவும் முடியும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

எல்லோரும் எழுதும் ஏடு

விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ், லரி சாங்கர் ஆகிய இருவரால் ஆரம்பிக்கப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் பெருமளவு கட்டுரைகளை எழுதி அதற்கு அத்திவாரமிட்டவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் என்பது எமக்குப் பெருமை தரும் செய்தியாகும். இன்று தமிழில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன.

இதில் எழுதுபவர்களுக்குச் சம்பளம் இல்லை. பட்டம், பதவி எதுவும் கேட்பதில்லை. பக்கத்தின் மேலே "தொகு" என்று ஒரு சொல் இருக்கும். அதை அழுத்தினால் கட்டுரை திறக்கும், எழுதலாம், திருத்தலாம். "வரலாறு" என்பதை அழுத்தினால் எந்த நாளில், எந்தப் பயனர் பெயரில், எந்த வரி சேர்க்கப்பட்டது அல்லது நீக்கப்பட்டது என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். "உரையாடல்" என்பது அந்தக் கட்டுரையைப் பற்றி எழுதுபவர்கள் தமக்குள் விவாதிக்கும் இடம். கட்டுரையை மட்டும் வாசிப்பவர் பாதியைத்தான் வாசிக்கிறார் எனலாம். வரலாற்றையும் உரையாடலையும் சேர்த்து வாசித்தால் யார் எதை மறைக்க விரும்பினார், யார் எதைச் சேர்க்கப் போராடினார் என்பதும் புரியும்.

ஒரு நிறுவனத்தின் கதை

உதாரணத்துக்கு மரியட் என்னும் அமெரிக்க நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 9,000க்கும் மேற்பட்ட விடுதிகளுடன் இது உலகின் மிகப் பெரிய ஹோட்டல் நிறுவனமாக விளங்குகிறது. எமது நாட்டிலும் வெலிகமவில் அதன் பெயரில் ஒரு விடுதி உண்டு.

இந்நிறுவனத்தின் கதை 1927இல் வொஷிங்டன் நகரில் ஒரு சிறிய குளிர்பானக் கடையுடன் ஆரம்பமாகிறது. வில்லார்ட் மரியட் என்பவர் அதைத் தொடங்கினார் என்றே பலரும் சுருக்கமாகச் சொல்வார்கள். ஆனால் அதே ஆண்டு அவரைத் திருமணம் செய்த அலிஸ் மரியட்டும் அந்தக் கடையை நடத்தியவர். குளிர்காலம் வந்து குளிர்பானம் விலைப்படாத வேளையில் சூடான உணவு விற்பதென முடிவாயிற்று. அருகிலிருந்த மெக்சிக்கோ தூதரகத்தின் சமையற்காரரிடம் சமையல் முறைகளைக் கேட்டறிந்து வந்தவர் அலிஸ். அந்தச் சாப்பாட்டுக் கடைகள் பெருகின. 1957இல்தான் முதலாவது விடுதி வேர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் திறக்கப்பட்டது. ஒரு பெண் தூதரகத்துக்குச் சென்று கேட்டுவந்த சமையற் குறிப்பு இந்தப் பெரிய நிறுவனத்தின் ஆரம்பத்தில் இருக்கிறது. அதைச் சொல்லாத வரலாறு பொய்யல்ல, குறையுடையது.

1993இல் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. கட்டடங்களைச் சொந்தமாக வைத்திருப்பது ஒன்று, விடுதிகளை நிர்வகிப்பது மற்றொன்று. இன்று மரியட் என்று பெயர்ப்பலகை தொங்கும் விடுதிகளில் மிகப் பெரும்பான்மையானவை மரியட்டுக்குச் சொந்தமானவை அல்ல. கட்டடம் வேறொருவருடையது. சில இடங்களில் மரியட் நிர்வாகம் செய்கிறது. வேறு சில இடங்களில் பெயரை மட்டும் கட்டணத்துக்குக் கொடுக்கிறது. பெரிய ஹோட்டல் நிறுவனங்கள் பலவற்றின் நடைமுறை இதுவே.

இது எமக்கு ஏன் முக்கியம்? பெயர்ப்பலகையில் உள்ளவர் உங்கள் பிள்ளையின் தொழில் வழங்குநராக இல்லாமல் இருக்கலாம். தொழில் வழங்குநர் யார் என்பதை நியமனக் கடிதமே சொல்லும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் வழங்குநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் வழங்குநர் 3 வீதமும் செலுத்த வேண்டும் என்பது எமது நாட்டுச் சட்டம். அந்தப் பணத்தைக் கட்ட வேண்டியவர் கடிதத்தில் உள்ளவரே. ஆகவே நிறுவனப் பக்கத்தில் "எத்தனை விடுதிகள்" என்று வாசிக்கும்போது, "எத்தனை சொந்தமானவை, எத்தனை பெயர் மட்டும் உடையவை" என்பதையும் தேடி வாசிக்கப் பழக வேண்டும்.

விளம்பரமும் வசையும்

ஒரு ஹோட்டல் நிறுவனத்தின் பக்கத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் ஆபத்து வரும்.

முதலாவது, விளம்பரம். "உலகத் தரம் வாய்ந்த விருந்தோம்பலுக்குப் புகழ்பெற்ற இந்நிறுவனம் விருந்தினரின் மனங்களைக் கொள்ளை கொள்கிறது" என்று ஒரு வரி இருந்தால் அது கலைக்களஞ்சிய வரியல்ல. யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று கேட்டால் பதில் இல்லை. நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்ட வரியாகவும் இருக்கலாம். அவ்வாறு ஒட்டுவது பதிப்புரிமைக்கும் முரணானது. அதை நீக்குவதற்கு யாருக்கும் உரிமையுண்டு.

இரண்டாவது, வசை. "இவர்கள் ஏழைப் பெண்களைக் கசக்கிப் பிழியும் கொள்ளைக்காரர்கள்" என்று ஒருவர் எழுதினால் அதுவும் நிற்காது. எழுதியவரின் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆயினும் வாசிப்பவருக்கு அதிலிருந்து ஒரு தகவலும் கிடைப்பதில்லை.

இவ்விரண்டுக்கும் பதிலாக எழுதத்தக்கது எப்படியிருக்கும்? "2018 ஒக்டோபரில் அமெரிக்காவின் எட்டு நகரங்களில், மரியட் நிர்வகித்த 23 விடுதிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 7,700 ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். ஒரு தொழிலே வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அவர்களது முழக்கம்." இதில் புகழும் இல்லை, திட்டும் இல்லை. ஆண்டு, இடம், எண்ணிக்கை, காரணம் ஆகியன உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பத்திரிகைச் செய்தியை ஆதாரமாகக் காட்ட முடியும். ஆகையால் இதனை நீக்குவது கடினம். திட்டு ஒரு மணி நேரம் நிற்கும். ஆதாரமுள்ள வரி பல ஆண்டுகள் நிற்கும்.

விடுபடும் பெண்கள்

மேலே சொன்ன வேலைநிறுத்தத்தில் அறை துப்புரவு செய்யும் பெண்கள் முன்னணியில் நின்றனர். அவர்களுட் பலர் வேறு நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். ஒரே வேளையில் இரண்டு இடங்களில் வேலை செய்தும் வாடகை கட்ட முடியவில்லை என்பது அவர்கள் கூறிய குறை. "அறையைத் துப்புரவு செய்ய வேண்டாம் என்று சொல்லும் விருந்தினருக்குச் சலுகை" என்னும் திட்டத்தையும் அவர்கள் எதிர்த்தனர். சுற்றுச்சூழலைக் காப்பதற்கென்று சொல்லப்பட்ட அந்தத் திட்டத்தால் தமது வேலை நேரம் குறைந்தது என்றும், பல நாள் துப்புரவு செய்யாத அறையைப் பின்னர் ஒரே முறையில் செய்யும்போது வேலை இரட்டிப்பானது என்றும் அவர்கள் சொன்னார்கள். சான் பிரான்சிஸ்கோ நகரில் இந்தப் போராட்டம் இரண்டு மாதங்கள் நீடித்து டிசம்பர் தொடக்கத்தில் முடிந்தது. சம்பள உயர்வும் வேறு பாதுகாப்புகளும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றன.

இன்னொரு விடயம். பூட்டிய அறைகளில் தனியே வேலை செய்யும் பெண்களுக்கு விருந்தினராலேயே தொந்தரவு ஏற்படுவதுண்டு. இதனால் அழுத்தியவுடன் உதவி வரும் சிறிய அபாயப் பொத்தான் ஒன்றைத் தமக்குத் தர வேண்டுமென அமெரிக்க ஹோட்டல் பெண்கள் நெடுங்காலம் கேட்டனர். சிக்காகோ நகரசபை 2017இல் இதனைச் சட்டமாக்கியது. 2018 செப்டெம்பரில் மரியட், ஹில்டன் உட்பட்ட பெரிய நிறுவனங்கள் அமெரிக்காவிலுள்ள தமது விடுதிகளில் இதனை வழங்குவதாக அறிவித்தன.

ஒரு ஹோட்டல் நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தால் ஸ்தாபகர், தலைவர், வருமானம், அறைகளின் எண்ணிக்கை, வாங்கிய நிறுவனங்கள் என்று பட்டியல் இருக்கும். படுக்கை விரித்தவர்களைப் பற்றிப் பல பக்கங்களில் ஒரு பந்தியும் இராது. இதற்குச் சதி தேவையில்லை. எழுதுபவர்கள் யார் என்பதே போதுமான காரணம். விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களுள் பெண்கள் ஏறக்குறைய 13 வீதம் மட்டுமே என்று 2011இல் வெளிவந்த செய்தி பலரையும் அதிர்ச்சிக்குள்ளாக்கியது. அறையை வாடகைக்கு எடுத்தவர் அறையைப் பற்றி எழுதுவார். அதைக் கூட்டித் துடைத்தவர் எழுதினால்தான் கூட்டித் துடைத்தது பதிவாகும்.

படித்த பெண்களுக்கும் இதே கதிதான். கனடாவின் டொனா ஸ்ட்ரிக்லண்ட் என்னும் விஞ்ஞானியைப் பற்றி 2018 மே மாதம் ஒருவர் எழுதிய கட்டுரை, போதிய ஆதாரம் இல்லையென விக்கிப்பீடியாவில் ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் அவருக்குப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின்னரே அவருக்கு ஒரு பக்கம் வந்தது. பேராசிரியருக்கே இப்படியென்றால் அறை கூட்டும் பெண்ணைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

உண்மையானாலும் ஏன் சேராது?

எமது சங்கக் கூட்டமொன்றில் இந்த விடயத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் எழுந்தார். அவரது மகள் கரையோர விடுதி ஒன்றில் இரண்டு வருடங்கள் வேலை செய்தவர். மேலதிக நேரத்துக்குரிய கொடுப்பனவு அவருக்குக் கிடைக்கவில்லை.

"அப்ப மிஸ், என்ர பிள்ளைக்கு நடந்ததை அந்தப் பக்கத்தில எழுதலாமோ? உண்மைதானே?" என்று கேட்டார்.

"அதில எழுத ஏலாது அம்மா. எங்கையாவது அச்சில வந்திருக்க வேணும்" என்றேன்.

"எங்களுக்கு நடந்தது எது அச்சில வந்தது?" என்றார் அவர்.

அந்தக் கேள்விக்குப் பிறகு சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அங்கிருந்த பெண்கள் எத்தனையோ படிவங்கள் நிரப்பியவர்கள், எத்தனையோ ஆணைக்குழுக்களின் முன் சாட்சியம் சொன்னவர்கள். தமது வாழ்க்கையைப் பற்றி வேறு யாரோ எழுதிய அறிக்கைகள் பல இருப்பதும், அவற்றைத் தாம் ஒருபோதும் வாசித்திராததும் அவர்களுக்குத் தெரியும்.

ஆயினும் இந்த விதியின் காரணத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். விக்கிப்பீடியாவில் மூன்று அடிப்படை விதிகள் உண்டு. நடுநிலையாக எழுத வேண்டும். வாசிப்பவர் சரிபார்க்கக்கூடிய வெளியீட்டை ஆதாரமாகக் காட்ட வேண்டும். முன்னர் எங்கும் வெளிவராத சொந்த ஆய்வையோ அனுபவத்தையோ எழுதக்கூடாது. சொந்த வாய்ச்சொல்லுக்கு இடம் கொடுத்தால் நிறுவனத்தின் முகாமையாளரும் தமது வாய்ச்சொல்லை எழுதுவார். எம்மிடம் உள்ளது ஒரு வாய். அவரிடம் சம்பளத்துக்கு எழுதும் பத்துப் பேர் இருக்கக்கூடும். ஆதாரம் கேட்கும் விதி எம்மைத் தடுப்பது போலத் தோன்றினாலும், பலம் படைத்தவரைத் தடுப்பதும் அதுவே.

குறையும் அதிலே உண்டு. பத்திரிகைகள் யாரைத் தேடிப் போகின்றனவோ அவர்களுக்கே ஆதாரம் இருக்கும். ஆகவே கலைக்களஞ்சியத்துக்கு ஒரு படி முன்னரே எமது வேலை தொடங்குகிறது.

அந்தத் தாய்க்கு நாம் சொன்ன வழி வேறு. மகளின் நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், வேலைக்குச் சென்ற நாட்களைக் குறித்துவைத்த கொப்பி ஆகியவற்றுடன் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் எழுத்துமூலம் முறையிடலாம். முறைப்பாட்டின் பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். மகள் நாட்களைக் குறித்து வைத்திருந்தார். அதுவே அவரது பலம். அந்த முறைப்பாடு இன்னும் முடிவடையவில்லை.

மறைவில் நின்று எழுதுவோர்

2007 ஓகஸ்ட்டில் வேர்ஜில் கிரிபித் என்னும் அமெரிக்க மாணவர் ஒரு கருவியை வெளியிட்டார். கணக்குத் திறக்காமல் விக்கிப்பீடியாவைத் திருத்தியவர்களின் இணைய முகவரிகள் எந்த நிறுவனத்துக்குரியவை என்பதை அது காட்டிக்கொடுத்தது. பெரிய கம்பனிகளினதும் அரச அலுவலகங்களினதும் கணினிகளிலிருந்தே தம்மைப் பற்றிய விமர்சனங்கள் நீக்கப்பட்டிருந்தமை வெளிச்சத்துக்கு வந்தது. 2013இல் பணம் பெற்று வாடிக்கையாளருக்காகக் கட்டுரை எழுதிக்கொடுத்த அமெரிக்கக் கம்பனி ஒன்றின் விவகாரம் வெளிப்பட்டது. அது தொடர்பில் 250க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள் தடுக்கப்பட்டன. இதன் பின்னர் 2014 ஜூனில் விதி இறுக்கப்பட்டது. பணம் பெற்று எழுதுபவர் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இந்த விதி எமக்கும் பொருந்தும். ஒரு ஹோட்டலில் வேலை செய்பவரோ, அதனுடன் பிணக்கு உள்ளவரோ அந்தப் பக்கத்தில் நேரடியாகக் கைவைப்பது விரும்பப்படுவதில்லை. அவர் உரையாடல் பக்கத்தில் "எனக்கு இந்த நிறுவனத்துடன் தொடர்பு உண்டு. இந்தத் தகவல் இந்தப் பத்திரிகையில் வந்துள்ளது. சேர்க்க முடியுமா?" என்று கேட்கலாம். தொடர்பில்லாத ஒருவர் பார்த்துச் சேர்ப்பார். அதிலும் பெயரையோ வேலை செய்யும் கிளையையோ சொல்லத் தேவையில்லை. வேலையைக் காத்துக்கொள்வதும் முக்கியமல்லவா?

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு

கணினி நிலையம் உள்ள கிராமங்களில் இதனைக் குழுவாகச் செய்வது எளிது. கைத்தொலைபேசியிலும் செய்யலாம்.

1. முதலில் கணக்கொன்றைத் திறவுங்கள். சொந்தப் பெயரை, ஊரின் பெயரை, பிறந்த ஆண்டைப் பயனர் பெயரில் சேர்க்க வேண்டாம். வேலைத்தலக் கணினியைப் பயன்படுத்த வேண்டாம்.

2. "மணல்தொட்டி" என்று ஒரு பயிற்சிப் பக்கம் உண்டு. ஏடு தொடக்கிய நாளில் அரிசியிலும் மண்ணிலும் எழுதிப் பழகியது போல இதில் எழுதிப் பழகலாம். பிழை விட்டால் எவருக்கும் நட்டமில்லை.

3. சிறிய வேலையில் ஆரம்பியுங்கள். எழுத்துப்பிழை திருத்துங்கள். "மிகச் சிறந்த", "புகழ்பெற்ற" என்ற வெற்றுச் சொற்களை நீக்குங்கள்.

4. ஒரு தகவலைச் சேர்க்கும்போது ஒரு வசனம், ஓர் ஆண்டு, ஓர் ஆதாரம் என்ற அளவில் நில்லுங்கள். செய்தியை உங்கள் சொந்த வசனத்தில் எழுதுங்கள். பார்த்து எழுத வேண்டாம். என்ன மாற்றினீர்கள் என்பதைக் கீழேயுள்ள சுருக்கப் பெட்டியில் குறிப்பிடுங்கள்.

5. உங்கள் வரியை யாராவது நீக்கினால் கோபத்தில் மீண்டும் மீண்டும் சேர்க்க வேண்டாம். உரையாடல் பக்கத்தில் காரணம் கேளுங்கள். ஆதாரம் பலமாக இருந்தால் வரி திரும்பி வரும்.

தமிழில் ஆதாரம் தேடுவோருக்கு நூலகம் என்னும் இணைய நூலகம் பெரிதும் உதவும். 2005 முதல் இயங்கிவரும் இது ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் ஆவணப்படுத்தி இலவசமாக வாசிக்கத் தருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கண்ட சமூகத்துக்கு, ஒரு கடதாசியைப் பாதுகாப்பதன் பெறுமதியை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கலைக்களஞ்சியத்துக்கு ஒரு படி முன்னர் எமது வேலை தொடங்குகிறது என்று மேலே சொன்னோம். அந்தப் படி இதுதான். வேலைக்குச் செல்லும் பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தனுப்புங்கள். திகதி, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், துப்புரவு செய்த அறைகள், கிடைத்த பணம் என்பவற்றை அன்றன்றே எழுதச் சொல்லுங்கள். உங்கள் சங்கம் மாதத்துக்கு ஒரு முறை கூடும்போது, எவரது பெயரும் இல்லாமல், அந்தக் கணக்குகளைச் சேர்த்துப் பாருங்கள். பத்துப் பிள்ளைகளின் கொப்பிகள் ஒரே கதையைச் சொன்னால், அதைப் பத்திரிகைக்கு எழுதலாம். அச்சில் வந்த அந்தச் செய்தியை என்றோ ஒரு நாள், எம்மை அறியாத எவரோ ஒருவர் ஒரு ஹோட்டல் நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்ப்பார். மகளை வேலைக்கு அனுப்ப யோசிக்கும் இன்னொரு தாய் அந்த வரியை வாசிப்பார்.